லைப்ரரி டேட்டாபேஸ்ல ஆர்ட்டிகிள் தேடுறது: எது தேறும், எது தேறாது

முதல்லயே சொல்லிடுறேன், லைப்ரரி வெப்சைட்டோட முதல் பக்கத்துல நடுநாயகமா உட்கார்ந்திருக்கே ஒரு பெரிய சர்ச் பாக்ஸ், மொத்த செட்டுலயே சுமாரான ஐட்டம் அதுதான். அசைன்மென்ட்ல "பீர் ரிவ்யூட் ஆர்ட்டிகிள் குறைஞ்சது எட்டு சைட் பண்ணணும்"னு போட்டிருப்பாங்க (அதே துறை ஆளுங்க படிச்சு சரிபார்த்த ஆர்ட்டிகிள் எட்டை ஆதாரமா காட்டணும்னு அர்த்தம்), நேரா அங்க போய் டாபிக்கை அப்படியே டைப் பண்ணி என்டர் தட்டுனா லட்சக்கணக்குல ரிசல்ட் வந்து கொட்டும், முதல் பக்கத்துல ஒரு நியூஸ்பேப்பர் செய்தி, ரெண்டு புத்தக விமர்சனம், எந்த யூனிவர்சிட்டியிலயோ சப்மிட் பண்ண ஒரு தீசிஸ், நடுவுல தப்பித்தவறி ஒரே ஒரு உருப்படியான ஆர்ட்டிகிள். இதைப் பார்த்துட்டுதான் பாதிப் பேர் "லைப்ரரி டேட்டாபேஸ் எல்லாம் வேஸ்ட்டு, கூகுளே பெட்டர்"னு முடிவு கட்டிடுறாங்க. ஆனா பாருங்க, அவங்க இன்னும் டேட்டாபேஸ் பக்கமே போகல, வாசல்லயே நின்னுட்டுத் திரும்பியிருக்காங்க.

அந்தப் பெரிய பாக்ஸுக்கு டிஸ்கவரி சர்வீஸ்னு பேரு. சம்மன், பிரைமோ, எப்ஸ்கோ டிஸ்கவரி சர்வீஸ்னு சில கம்பெனி புராடக்ட்தான் திரும்பத் திரும்ப எல்லா காலேஜ்லயும் இருக்கும், மேல காலேஜ் லோகோ மட்டும் மாறும். சம்மன் வந்தது 2009ல. கூகுள் மாதிரி ஒரே பாக்ஸ்ல எல்லாத்தையும் தேட வைக்கணும்ங்கிறதுதான் ஐடியா, அதுக்காக பல பப்ளிஷர் கிட்ட இருந்து வர்ற ரெக்கார்டை, அதாவது ஆர்ட்டிகிளோட தலைப்பு, ஆத்தர், சுருக்கம் மாதிரி விவரத்தை எல்லாம் ஒரே இண்டெக்ஸ்ல கொட்டி வச்சிருக்காங்க. இதுல என்ன நஷ்டம்னா, ஒவ்வொரு துறை டேட்டாபேஸுக்கும் தனித்தனியா ஒரு சொல் பட்டியல் இருக்கும், அதை வச்சு அங்க ஆளுங்க உட்கார்ந்து ஒவ்வொரு ஆர்ட்டிகிளுக்கும் டேக் போட்டிருப்பாங்க, எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்கும்போது அந்த டேக்குக்கு இருந்த மதிப்பு கரைஞ்சு போயிடும். ஒரு வேலைக்கு மட்டும் இந்த பாக்ஸ் நல்லா ஓடும்: ஆர்ட்டிகிளோட தலைப்பு கையில இருக்கு, நம்ம லைப்ரரில அது கிடைக்குமான்னு பார்க்கணும், அவ்வளவுதான். அதுக்கு வச்சுக்கோங்க, தேடுறதுக்கு வேற இடம் போங்க.

எப்படித் தேடுறதுன்னு பேசாம எந்த டேட்டாபேஸ் நல்லதுன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல, அதனால ஒரு டாபிக்கை எடுத்துக்குவோம். ராத்திரி போன் நோண்டுறதால காலேஜ் ஸ்டூடன்ட்ஸ் தூக்கம் கெடுதா, அதனால மார்க் அடி வாங்குதா, இதுதான் கேள்வி. இதை இங்கிலீஷ்ல முழு வாக்கியமா அடிச்சா பழைய மாடல் டேட்டாபேஸ்ல பல சமயம் பூஜ்யம் ரிசல்ட் வரும், ஏன்னா அது நீங்க அடிச்ச எல்லா வார்த்தையும் ஒரே ரெக்கார்டுல இருக்கான்னு பார்க்கும், "எஃபெக்ட்", "டியூ டு" மாதிரி வெட்டி வார்த்தையும் சேர்த்துதான். வாக்கியத்தை உடைக்கணும். இதுல இருக்குறது நாலே நாலு விஷயம்: போன், தூக்கம், ஸ்டூடன்ட், மார்க். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆராய்ச்சியாளர் வேற என்ன பேர் வச்சிருப்பார்னு யோசிக்கணும். போனுக்கு ஸ்மார்ட்போன், மொபைல் போன், செல் போன், ஸ்கிரீன் டைம். மார்க்னு யாரும் எழுத மாட்டாங்க, அகடமிக் பர்ஃபார்மன்ஸ் இல்லன்னா அகடமிக் அச்சீவ்மென்ட்தான் எழுதுவாங்க. ஒரே விஷயத்தோட பேரையெல்லாம் நடுவுல ஆர் (OR) போட்டு ஒரு பிராக்கெட்டுக்குள்ள அடைச்சுட்டு, பிராக்கெட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல ஆண்ட் (AND) போட்டா முடிஞ்சது. ஜார்ஜ் பூல்னு ஒரு கணக்கு வாத்தியார் 19ஆம் நூற்றாண்டுல உருவாக்குன தர்க்கம் இது, அதான் பூலியன் சர்ச்ங்கிறாங்க, பேரைக் கேட்டு மிரள வேண்டியதில்ல. ஆர் போட்டா வலை பெருசாகும், ஆண்ட் போட்டா சின்னதாகும். நாட் (NOT) மட்டும் எச்சரிக்கையா போடுங்க, "சில்ட்ரன்" வேணாம்னு நாட் போட்டா "இந்த ஸ்டடி சில்ட்ரன் மேல இல்ல, காலேஜ் ஸ்டூடன்ட்ஸ் மேல"னு எழுதுன ஆர்ட்டிகிளும் சேர்ந்து போயிடும்.

ரெண்டு வார்த்தை சேர்ந்தே வரணும்னா மேற்கோள் குறிக்குள்ள போடணும். வார்த்தையோட வால் மாறும்னா நட்சத்திரக் குறி, அதாவது "அடோலசென்" வரைக்கும் அடிச்சு பின்னாடி நட்சத்திரம் போட்டா அடோலசென்ட், அடோலசென்ட்ஸ், அடோலசென்ஸ் மூணும் வரும். ஆனா ரொம்பச் சீக்கிரம் வெட்டிடாதீங்க, பூனையைப் பத்தித் தேடுறேன்னு "கேட்" பக்கத்துல நட்சத்திரம் போட்டா கேட்டகரி, கேட்டலிஸ்ட், கேட்டலாக்னு உலகத்துல இருக்குற எல்லாம் வந்து நிக்கும்.

இப்ப ஒவ்வொண்ணா பார்ப்போம்.

எப்ஸ்கோஹோஸ்ட். நிறைய லைப்ரரில அகடமிக் சர்ச் கம்ப்ளீட், இல்ல அது குடும்பத்துல வேற ஏதாவது ஒண்ணு இதுக்குள்ள இருக்கும். டிகிரி முதல் ரெண்டு வருஷத்துக்கு இது ஒண்ணே போதும்னு சொல்ற அளவுக்கு எல்லா துறையும் கலந்து இருக்கு. சாதாரண பாக்ஸை விட்டுட்டு அட்வான்ஸ்டு சர்ச் போங்க, ஒவ்வொரு வரிக்கும் ஒரு விஷயம் போடலாம், பிராக்கெட் தலைவலி இல்ல. இதுல நான் சொல்ல வர்ற முக்கியமான சமாச்சாரம் சப்ஜெக்ட் டெர்ம்ஸ். முதல் ரிசல்ட் பக்கத்துல ஓரளவு சரியா இருக்குற ஒரு ஆர்ட்டிகிளை மட்டும் புடிங்க, அதோட தலைப்பைக் கிளிக் பண்ணி முழு ரெக்கார்டைத் திறங்க, பிடிஎஃப் இப்ப வேணாம். தலைப்பு, ஆத்தர், ஜர்னல் பேருக்குக் கீழ சப்ஜெக்ட்ஸ்னு நீல கலர்ல சில சொல் இருக்கும். அதான் அந்த டேட்டாபேஸ் உங்க டாபிக்குக்கு உள்ளுக்குள்ள வச்சிருக்குற பேரு. அதைக் கிளிக் பண்ணா அதே டேக் போட்ட மத்த ஆர்ட்டிகிள் எல்லாம் வரிசையா வரும், அதுல தலைப்புல உங்க வார்த்தை ஒண்ணு கூட இல்லாத, ஆனா உங்க டாபிக்கையே பேசுற ஆர்ட்டிகிள் இருக்கும் பாருங்க, அதெல்லாம் கூகுள் ஸ்டைல்ல வார்த்தையை அடிச்சுத் தேடுறவன் கண்ணுல ஜென்மத்துக்கும் படாது. லைப்ரரி டேட்டாபேஸுக்கு இருக்குற ஒரே பெரிய பலம் இதுதான், இதை யூஸ் பண்ணாதவங்க மொத்த சப்ஸ்கிரிப்ஷனையும் வீணாக்குறாங்கன்னுதான் சொல்லுவேன்.

ரெண்டு வார்த்தை பக்கத்து பக்கத்துல வரணும், ஆனா ஒட்டி இருக்க வேணாம்னா இங்க இங்கிலீஷ் N எழுத்தைப் போட்டு பக்கத்துல நம்பர் போடலாம், N5னு போட்டா ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல அஞ்சு வார்த்தை வரைக்கும் இருக்கலாம்னு அர்த்தம், வரிசை முன்ன பின்ன இருந்தாலும் பரவாயில்ல. புரோக்வெஸ்ட்னு இன்னொரு டேட்டாபேஸ் இருக்கு, அதுல அதையே நியர் (NEAR) போட்டு ஸ்லாஷ் போட்டு நம்பர் போடணும். ஏன் எல்லாரும் ஒரே மாதிரி வச்சுக்கக் கூடாதுன்னு கேட்காதீங்க, நானும் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கேன். புரோக்வெஸ்ட்ல இன்னொரு விஷயம், "ஃபுல் டெக்ஸ்ட் தவிர மத்த எல்லா இடத்துலயும்"னு ஒரு ஆப்ஷன் டிராப்டவுன்ல இருக்கு, அதை செலக்ட் பண்ணிட்டுத் தேடிப் பாருங்க, குப்பை சட்டுனு குறையும். மைக்ரோஃபிலிம்ல புத்தகத்தையும் தீசிஸையும் படம் புடிச்சு வச்சு 1938ல ஆரம்பிச்ச கம்பெனிதான் இன்னைக்கு புரோக்வெஸ்ட்டா இருக்கு, அதனால தீசிஸ் வேணும்னா முதல்ல இங்கதான் போகணும்.

எரிக். எஜுகேஷன் படிக்கிறவங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க, ஸ்டூடன்ட், டீச்சிங், பரிட்சை, மார்க்னு எது வந்தாலும் இங்க ஒரு எட்டு வந்து பார்க்கலாம். 1960கள்ல அமெரிக்க அரசு ஆரம்பிச்சது, இப்ப அவங்க கல்வித்துறை நடத்துது, லாகின் எதுவும் தேவையில்ல, ஃப்ரீ. நம்ம டாபிக்குக்கு இங்க ஸ்லீப், காலேஜ் ஸ்டூடன்ட்ஸ், அகடமிக் அச்சீவ்மென்ட் மூணுமே டிஸ்கிரிப்டரா, அதாவது எரிக்கோட அஃபிஷியல் டேக்கா இருக்கு, தெசாரஸ்னு ஒரு டேப் இருக்கும், அங்க போய் வார்த்தையைப் போட்டா எது அஃபிஷியல் சொல், அதுக்கு மேல என்ன, கீழ என்னன்னு காட்டும். ரெக்கார்டு நம்பர் ஈஜேன்னு (EJ) ஆரம்பிச்சா அது ஜர்னல் ஆர்ட்டிகிள், ஈடின்னு (ED) ஆரம்பிச்சா ரிப்போர்ட், கான்ஃபரன்ஸ் பேப்பர் மாதிரி வேற டாக்குமென்ட். ஈடி வகைல பிடிஎஃப் அங்கேயே கிடைக்குறது அதிகம், ஈஜே வகைக்கு பெரும்பாலும் பப்ளிஷர் சைட்டுக்குப் போகணும். இடது பக்கமோ மேலயோ பீர் ரிவ்யூட் ஒன்லின்னு ஒரு பெட்டி இருக்கும், அதை டிக் பண்ண மறந்தா ரிப்போர்ட்டை ஆர்ட்டிகிள்னு நினைச்சு சைட் பண்ணிடுவீங்க.

பப்மெட் என்னோட ஃபேவரிட், இதை மறைக்கப் போறதில்ல. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தோடது, 1996ல வந்து 1997ல பொதுமக்களுக்கு ஃப்ரீயா திறந்துவிட்டாங்க, இன்னைக்கு 3.5 கோடிக்கு மேல ரெக்கார்டு இருக்கு. டாக்டருக்குத்தானே இதுன்னு நினைக்க வேணாம், சைக்காலஜி, நியூட்ரிஷன், ஸ்போர்ட்ஸ், தூக்கம், போன் அடிக்ஷன் எல்லாமே இங்க இருக்கு. இதுல ரசிச்சது என்னன்னா நாம சாதாரணமா அடிக்கிற வார்த்தையை அது தானே பெரிய வார்த்தையா மாத்திக்கும். ஹார்ட் அட்டாக்னு அடிச்சுட்டு அட்வான்ஸ்டு பக்கம் போய் ஹிஸ்டரில டீடெயில்ஸைத் திறந்து பாருங்க, மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்ங்கிற சொல்லையும் அதுவே சேர்த்துத் தேடியிருக்கும். மெஷ்னு சொல்ற அவங்க சொல் பட்டியல் பண்ற வேலை இது. நம்ம டாபிக்குக்கு ஸ்மார்ட்போன், ஸ்லீப் டிப்ரைவேஷன், ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் மெஷ்லயே இருக்கு. இப்ப கவனிங்க, மேற்கோள் குறி போட்டாலோ நட்சத்திரம் போட்டாலோ இந்த தானா மாத்துற வசதி அந்த வார்த்தைக்கு ஆஃப் ஆயிடும், யாரும் சொல்லித்தர மாட்டாங்க, ரிசல்ட் ஏன் குறைஞ்சதுன்னு தலையைப் பிச்சுக்க வேண்டியதுதான். ஆண்ட், ஆர் ரெண்டையும் பெரிய எழுத்துலதான் அடிக்கணும். பிராக்கெட் போடலன்னா இடமிருந்து வலமா அப்படியே படிச்சுட்டுப் போகும், அதனால ஆர் கலந்த தேடல்ல பிராக்கெட் கண்டிப்பா வேணும். இன்னொண்ணு, எல்லா ரெக்கார்டுக்கும் மெஷ் டேக் இருக்காது, அதனால மெஷ் சொல்லையும் சாதாரண வார்த்தையையும் ஆர் போட்டு ரெண்டையும் சேர்த்தே தேடுறதுதான் பாதுகாப்பு. பப்மெட்ல இருக்குறது பெரும்பாலும் சுருக்கம்தான், முழு ஆர்ட்டிகிள் ஃப்ரீயா வேணும்னா பிஎம்சின்னு (பப்மெட் சென்ட்ரல்) இருக்குற லிங்க் இருக்கான்னு பாருங்க, ரெண்டும் ஒண்ணுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஒண்ணு இல்ல.

ஜேஸ்டோர் பத்தி என் கருத்து கொஞ்சம் கலவை. இலக்கியம், வரலாறு, தத்துவம், சமூகவியல் படிக்கிறவங்களுக்கு இது சொர்க்கம். லைப்ரரி அலமாரில பழைய ஜர்னல் வால்யூம் எல்லாம் இடத்தை அடைச்சுட்டு இருக்கேன்னு வில்லியம் போவன் யோசிச்சதுல பொறந்தது, அவர் அப்ப மெலன் ஃபவுண்டேஷன் தலைவர், 1995ல ஆரம்பிச்சாங்க. ராயல் சொசைட்டியோட ஃபிலசாஃபிகல் டிரான்சாக்ஷன்ஸ் 1665ல வந்த முதல் இதழ்ல இருந்து இங்க ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்கன்னா பார்த்துக்கோங்க. படிக்கிறதுக்கு இவ்வளவு சுகமான சைட் வேற இல்ல, பக்கம் பக்கமா அச்சுல இருந்த மாதிரியே வரும். ஆனா தேடுறதுக்கு? சப்ஜெக்ட் டேக் எப்ஸ்கோ மாதிரி இல்ல, பெரும்பாலான ஆர்ட்டிகிளுக்கு அப்ஸ்ட்ராக்ட்டும் கிடையாது, அது முழு டெக்ஸ்ட்டையும் தேடும், அதனால உங்க வார்த்தை எங்கயோ ஒரு அடிக்குறிப்புல ஒரே ஒரு தடவை இருந்தாலும் அந்த ஐம்பது பக்க ஆர்ட்டிகிள் வந்து நிக்கும். இங்க பொதுவான வார்த்தையா போட்டா மாட்டிக்குவீங்க. தலைப்புல மட்டும் தேடுங்க, இல்லன்னா ரெண்டு வார்த்தையை மேற்கோள் குறிக்குள்ள போட்டு பின்னாடி அலைக்குறியும் (~) நம்பரும் போட்டு, அத்தனை வார்த்தைக்குள்ள பக்கத்துல வரணும்னு கட்டுப்படுத்துங்க. முக்கியமான விஷயம், நிறைய ஜர்னலுக்கு கடைசி மூணுல இருந்து அஞ்சு வருஷம் இங்க இருக்காது, மூவிங் வால்னு சொல்லுவாங்க, ஒவ்வொரு வருஷமும் சுவர் ஒரு வருஷம் முன்னாடி நகரும். "சமீபத்திய ஆய்வுகள்"னு அசைன்மென்ட்ல கேட்டிருந்தா ஜேஸ்டோரை மட்டும் நம்பி உட்காராதீங்க. போன், தூக்கம் மாதிரி நேத்து வந்த டாபிக்குக்கு இது சரியான இடமே இல்ல.

இப்ப கூகுள் ஸ்காலர். லைப்ரரியன் முன்னாடி பேரைச் சொன்னா சிலர் முகம் சுளிப்பாங்க, ஆனா எல்லாரும் யூஸ் பண்றாங்க, லைப்ரரியனும்தான். 2004ல வந்தது. வேகம், எளிமை, எந்தத் துறையா இருந்தாலும் ஏதாவது ஒண்ணு கிடைக்கும், தப்பா ஸ்பெல்லிங் அடிச்சாலும் புரிஞ்சுக்கும். ரெண்டு நல்ல விஷயத்தை நிறைய பேர் யூஸ் பண்றதில்ல. ஒண்ணு, செட்டிங்ஸ்ல லைப்ரரி லிங்க்ஸ்னு இருக்கு, அங்க உங்க காலேஜ் பேரைத் தேடி டிக் பண்ணிட்டா ரிசல்ட்டுக்குப் பக்கத்துலயே உங்க லைப்ரரி வழியா திறக்குற லிங்க் வரும், அஞ்சு லைப்ரரி வரைக்கும் சேர்க்கலாம். ரெண்டு, பல ரிசல்ட்டுக்குக் கீழ ஆல் வெர்ஷன்ஸ்னு இருக்கும், பப்ளிஷர் சைட்ல பூட்டு போட்டிருந்தாலும் ஆத்தர் தன் யூனிவர்சிட்டி பக்கத்துல ஒரு காப்பி ஃப்ரீயா போட்டிருப்பார், அது இங்கதான் மாட்டும்.

குறைன்னு பார்த்தா பீர் ரிவ்யூட் மட்டும் காட்டுங்கிற ஃபில்டரே இல்ல, எந்தெந்த ஜர்னலை எடுக்குதுன்னு முழு லிஸ்ட்டும் வெளியிட மாட்டாங்க, காசு வாங்கிட்டு எதை வேணா போடுற டுபாக்கூர் ஜர்னலும் நல்ல ஜர்னலும் ஒரே ஃபான்ட்ல பக்கத்து பக்கத்துல உட்கார்ந்திருக்கும். மேல லட்சக்கணக்குல ரிசல்ட்னு காட்டுனாலும் ஆயிரத்துக்கு மேல பார்க்க விடாது, அது நமக்குப் பெரிய கஷ்டம் இல்ல, யாரு ஆயிரம் பார்க்கப் போறா. சார்ட் பை டேட் கொடுத்தா கடைசி ஒரு வருஷத்துல சேர்த்தது மட்டும்தான் வரும், மத்ததெல்லாம் எங்க போச்சுன்னு தேடாதீங்க, அதுக்குப் பதிலா இடது பக்கம் வருஷ ரேஞ்ச் போட்டுக்கோங்க. நிறைய பேர் சைட் பண்ண பேப்பர் மேல வர்ற மாதிரி இருக்குறதால பழைய பேப்பருக்கு எப்பவும் ஒரு சலுகை உண்டு, போன வருஷம் வந்த நல்ல பேப்பர் ஆறாவது பக்கத்துல தூங்கிட்டிருக்கும்.

ஸ்காலர்ல சைட்டட் பைனு இருக்கே, அதை மட்டும் தனியா சொல்லணும். ஒரு நல்ல பேப்பர் கிடைச்சுட்டா அதோட பின்பக்க லிஸ்ட்டைப் பார்த்தா அதுக்கு முந்தி வந்ததெல்லாம் கிடைக்கும், சைட்டட் பைனு கிளிக் பண்ணா அதுக்கு அப்புறம் வந்ததெல்லாம் கிடைக்கும், ரெண்டு பக்கமும் நடந்தாலே ஒரு டாபிக்கோட முழு சண்டையும் தெரிஞ்சுடும், யாரு யாரை ஆமோதிக்கிறா, யாரு யாரை மறுக்குறான்னு. யூஜின் கார்ஃபீல்டு 1955ல சயன்ஸ் ஜர்னல்ல இந்த ஐடியாவை எழுதி, 1960கள்ல சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்னு அச்சுப் புத்தகமா போட்டாரு, அதோட இன்னைய வடிவம்தான் வெப் ஆஃப் சயன்ஸ். எல்செவியரோட ஸ்கோபஸும் இதே வேலையைப் பண்ணும். ரெண்டுக்கும் உங்க லைப்ரரி சந்தா கட்டியிருந்தா சைட்டட் பையை இங்க பாருங்க, ஸ்காலர் அளவுக்கு எண்ணிக்கை வராது ஆனா குப்பை கம்மி, ரிவ்யூ ஆர்ட்டிகிள் மட்டும் காட்டுன்னு ஒரு ஃபில்டர் வேற இருக்கு, புது டாபிக் எடுக்குறவங்களுக்கு அது ஒண்ணு போதும். இல்லன்னா கவலைப்படாதீங்க, டிகிரி லெவல் அசைன்மென்ட்டுக்கு ஸ்காலரோடது தாராளம்.

ஃபில்டர் பத்தி ரெண்டு எச்சரிக்கை. நிறைய டேட்டாபேஸ்ல ஃபுல் டெக்ஸ்ட்னு ஒரு பெட்டி இருக்கும், பிடிஎஃப் தானே வேணும்னு எல்லாரும் முதல் வேலையா அதை டிக் பண்ணுவாங்க. பண்ணாதீங்க. அது பெரும்பாலும் "இந்த டேட்டாபேஸ்குள்ளயே பிடிஎஃப் இருக்குறது மட்டும்"னு அர்த்தம். உங்க லைப்ரரி அதே ஜர்னலை வேற ஒரு இடத்துல வாங்கி வச்சிருக்கும், ரெக்கார்டுக்குப் பக்கத்துல ஃபைண்ட் இட்னோ செக் ஃபார் ஃபுல் டெக்ஸ்ட்னோ இருக்குற பட்டனை அமுக்கினா அங்க கூட்டிட்டுப் போகும், டிக் பண்ணிட்டா அந்த ஆர்ட்டிகிள் உங்க கண்ணுலயே படாது. ரெண்டாவது, பீர் ரிவ்யூட் ஃபில்டர். அது பார்க்குறது பொதுவா ஜர்னலைத்தான், தனி ஆர்ட்டிகிளை இல்ல. பீர் ரிவ்யூட் ஜர்னல்ல வர்ற எடிட்டோரியல், புத்தக விமர்சனம், வாசகர் கடிதம் எல்லாம் அந்த ஃபில்டரைத் தாண்டி வந்துடும். ரெண்டு பக்கம், மெத்தட்னு ஒரு தலைப்பு இல்ல, பின்னாடி ரெஃபரன்ஸ் லிஸ்ட் இல்லன்னா அது ஆராய்ச்சி ஆர்ட்டிகிளா இருக்க வாய்ப்பு கம்மி, ஃபில்டர் சொல்லிச்சேன்னு சைட் பண்ணிட்டு வந்து மார்க் போச்சுன்னு அழக்கூடாது.

ஆர்க்சைவ் பத்தி கேட்பீங்க. இயற்பியல், கணக்கு, கம்ப்யூட்டர் சயன்ஸ் ஆளுங்களுக்கு அது உயிர், பால் கின்ஸ்பார்க் 1991ல ஆரம்பிச்சது, எல்லாமே ஃப்ரீ. ஆனா அங்க இருக்குறது பிரீபிரிண்ட், பீர் ரிவ்யூ பண்ணிட்டுப் போடுறது இல்ல, பின்னாடி ஜர்னல்ல வந்திருந்தா அந்த வெர்ஷனைத் தேடி சைட் பண்ணுங்க.

லாகின் சமாச்சாரம்தான் இந்த மொத்த அனுபவத்துலயே கேவலமான பகுதி. வீட்ல இருந்து திறந்தா நீங்க அந்த காலேஜ் ஆள்தான்னு காட்டுற ஒரு லாகின் வழியா போகணும், பெரும்பாலான இடத்துல ஈஇசட்பிராக்ஸி, சில இடத்துல ஓப்பன்ஏதன்ஸ். நான் படிச்ச ஒரு இடத்துல டேட்டாபேஸ்ல இருந்து பப்ளிஷர் சைட்டுக்குத் தாவினதும் திரும்ப லாகின் கேட்கும், லாகின் பண்ணா ஆர்ட்டிகிளுக்குப் போகாம லைப்ரரி முதல் பக்கத்துல கொண்டு போய் விடும், டெட்லைன் ராத்திரில இதைப் பண்ணா யாருக்குத்தான் கோபம் வராது. ஒரு வழி இருக்கு: எப்பவும் லைப்ரரி சைட்டோட டேட்டாபேஸ் லிஸ்ட் வழியாவே உள்ள போங்க, நேரா பப்ளிஷர் அட்ரஸ் அடிச்சுப் போனா நீங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியாது, காசு கேட்டு ஒரு பக்கம் காட்டும், அதைப் பார்த்து கார்டை எடுக்காதீங்க, அதே ஆர்ட்டிகிளுக்கு உங்க லைப்ரரி ஏற்கனவே கட்டியிருக்க வாய்ப்பு இருக்கு. அப்புறம், மேல அட்ரஸ் பார்ல இருக்குறதை காப்பி பண்ணி வாட்ஸ்அப் குரூப்ல போடுறது வேண்டாம், அது பல சமயம் அந்த செஷனுக்கு மட்டும் உள்ள லிங்க், நாளைக்குத் திறக்காது. பெர்மாலிங்க், ஸ்டேபிள் யூஆர்எல், இல்லன்னா டிஓஐ, இந்த மூணுல ஒண்ணை எடுங்க. டிஓஐன்னா 10னு ஆரம்பிச்சு புள்ளி வச்சு நடுவுல ஸ்லாஷ் வர்ற அந்த நம்பர், பப்ளிஷர் வெப்சைட் மாறுனாலும் அது ஆர்ட்டிகிளைக் கண்டுபுடிச்சுக் கொடுத்துடும்.

எந்த வழியிலயும் பிடிஎஃப் கிடைக்கலன்னா பிரவுசர்ல அன்பேவால் எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கோங்க, 2017ல இருந்து இருக்கு, சட்டப்படி ஃப்ரீயா எங்கயாவது காப்பி இருந்தா ஓரத்துல ஒரு பச்சைப் பூட்டு காட்டும். அதுவும் இல்லன்னா இன்டர்லைப்ரரி லோன், வேற லைப்ரரி கிட்ட இருந்து ஸ்கேன் வாங்கித் தருவாங்க, பல லைப்ரரில ஸ்டூடன்ட்டுக்கு ஃப்ரீதான், ஃபார்ம் நிரப்புறதுக்கு சோம்பல் பட்டே இதை விட்டுடுறோம். கடைசி ரெண்டு நாள்ல கேட்டா மட்டும் நடக்காது.

ஏஐ சாட்பாட் கிட்ட ரெஃபரன்ஸ் கேட்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆத்தர் பேரு இருக்கும், ஜர்னல் பேரு இருக்கும், வருஷம், பக்க எண் எல்லாம் பக்காவா இருக்கும், ஆர்ட்டிகிள் மட்டும் உலகத்துலயே இருக்காது. தலைப்பை மேற்கோள் குறிக்குள்ள போட்டு ஸ்காலர்ல அடிங்க, டிஓஐயைத் திறந்து பாருங்க, ரெண்டுலயும் வரலன்னா தூக்கிப் போடுங்க. நிஜமான பேப்பரா இருந்தாலும் வாபஸ் வாங்குனதா இருக்கலாம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டு பேப்பர் 1998ல லேன்சட்ல வந்துச்சு, 2010ல லேன்சட்டே அதை ரிட்ராக்ட் பண்ணிடுச்சு, இன்னைக்கும் தேடினா அது வரும். பப்மெட்ல ரெக்கார்டு மேலயே ரிட்ராக்டட்னு பேனர் போட்டுக் காட்டுவாங்க, எங்கயோ வேற ஒரு சைட்ல கிடைக்குற பிடிஎஃப்ல அந்த முத்திரை இருக்கணும்னு கட்டாயம் இல்ல. ஸோட்டெரோங்கிற, ரெஃபரன்ஸை எல்லாம் சேர்த்து வைக்கிற சாஃப்ட்வேர்ல போட்டு வச்சிருந்தா அதுவே சிவப்பா எச்சரிக்கை காட்டும், இது ஒண்ணுக்காகவே ஸோட்டெரோவை இன்ஸ்டால் பண்ணலாம், 2006ல இருந்து ஃப்ரீ.

டேட்டாபேஸ்ல இருக்குற சைட் பட்டனை மட்டும் கண்ணை மூடிட்டு நம்பாதீங்க, தலைப்பு முழுக்க பெரிய எழுத்துல வரும், ஆத்தர் பேரு முன்ன பின்ன மாறும், இஷ்யூ நம்பர் காணாம போகும். ஸோட்டெரோக்கு அனுப்பினாலும் ஒரு தடவை கண்ணால பார்த்துத் திருத்திடுங்க, ஃபைனல் லிஸ்ட் எடுக்கும்போது அத்தனையும் தானா சரியாயிடும்.

நல்ல தேடல் ஒண்ணு அமைஞ்சுட்டா சேவ் பண்ணி அலெர்ட் போட்டுக்கோங்க, புதுசா ஆர்ட்டிகிள் வந்தா மெயில் வரும், எப்ஸ்கோ, புரோக்வெஸ்ட், பப்மெட், ஸ்காலர் எல்லாத்துலயும் இந்த வசதி இருக்கு. அக்கவுண்ட் ஓப்பன் பண்ணும்போது காலேஜ் மெயில் ஐடி கொடுக்காம சொந்த மெயில் கொடுங்க, டிகிரி முடிஞ்ச கொஞ்ச நாள்ல காலேஜ் லாகினை நிறுத்திடுவாங்க, எப்ஸ்கோவும் புரோக்வெஸ்ட்டும் அன்னைக்கே கதவைச் சாத்திடும். பப்மெட், எரிக், ஸ்காலர் எப்பவும் போல ஓடும், ஜேஸ்டோர்ல ஃப்ரீ அக்கவுண்ட் போட்டா 30 நாளுக்கு 100 ஆர்ட்டிகிள் வரைக்கும் ஆன்லைன்ல படிக்கலாம், டவுன்லோடு மட்டும் முடியாது, அதனால மேற்கொண்டு தேவைப்படும்னு தோணுற பிடிஎஃப் எல்லாத்தையும் கடைசி செமஸ்டர் முடியுறதுக்கு முன்னாடியே இறக்கி வச்சுக்கோங்க.